அத்தியாயம் ஆறு: ஒரே டப்பாவில் பதினோரு பொய்

“பன்னெண்டு பேர்ல பதினோரு பேர் ஒரே பொய்யைச் சொன்னா என்ன அர்த்தம், ஷஹ்பாஸ்?” என்று கேட்டார் மாலதி அக்கா.

“எலெக்‌ஷன் வந்துடுச்சுன்னு அர்த்தம்க்கா.”

அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அவர் சிரிப்பதே இல்லை. நாலு நாள் கழித்து அதையே வழக்கு கொண்டுவரும் யாரிடமாவது சொந்தச் சரக்குபோல எடுத்துவிடுவார். அவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தஞ்சாவூர் மேலவீதியில் தொங்கும் எங்கள் போர்டில் ‘மாலதி துப்பறியும் நிலையம்’ என்றுதான் இருக்கிறது. போன வருஷம் பேப்பரில் அவர் படம் வந்தபோது, பக்கத்தில் நின்ற எனக்கு முழங்கை மட்டும் அச்சாகியிருந்தது. அந்த முழங்கையை என் அம்மா வெட்டி ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாங்கள் நின்றிருந்தது திருவாரூரில், ‘நீர்மணி’ ஆய்வுக்கூடத்தில். கடலோரத்தில் இறால் வளர்ப்பவர்கள் குளத்துத் தண்ணீரில் அமிலமா காரமா என்று பார்க்க பி.எச். சென்சார் வைத்திருப்பார்கள். அது போகப்போக மனம்போனபடி எண் காட்டும். அதைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவரும் காலிபரேஷன் வேலை இங்கே நடக்கிறது. வெள்ளிக்கிழமை இங்கே காலிபரேட் ஆன சென்சார், ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசுவின் குளத்தில் கிட்டத்தட்ட ஒன்பது காட்டியது. இறாலுக்கு அவ்வளவு காரம் ஆகாது. பதறிப்போன கோவிந்தராசு, காரத்தை இறக்க மொலாசஸ் என்கிற கரும்புப் பாகைக் குடம் குடமாக ஊற்றினார். தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஊற்றிய பாகைத் தின்று பெருகிய கிருமிகள் தண்ணீரிலிருந்த ஆக்சிஜனையெல்லாம் குடித்துவிட, விடிவதற்குள் இறால் செத்துக் கரையில் ஒதுங்கிவிட்டது.

காலிபரேட் செய்தது வானதி என்கிற பெண். வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்லி, இன்று சாயங்காலம் அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக ஆய்வுக்கூட முதலாளி ராஜராஜன் முடிவு செய்திருந்தார். விசித்திரம் என்னவென்றால், இறாலைப் பறிகொடுத்த கோவிந்தராசுவுக்கே அதில் சம்மதமில்லை. அக்காவைக் கூட்டிவந்தது அவர்தான்.

“அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாதும்மா. செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம யாரையோ உள்ள தள்ளிட்டு நான் நிம்மதியா சோறு திங்க முடியாது” என்றார்.

வாசலில் காலை வைக்கும்போதே எனக்கு ஒரு இடறல். படியின் இரண்டு பக்கமும் குங்குமம் தடவிய எலுமிச்சை மூடிகள். ஒன்றை மிதிக்கப் பார்த்து, ஒற்றைக்காலில் தாண்டி உள்ளே போய் விழுந்தேன்.

“உனக்கு எதுக்குடா இந்தப் பயம்?” என்றார் அக்கா.

“எங்க அம்மாவே இதைத் தாண்ட மாட்டாங்கக்கா. மார்க்கம் வேற, பயம் ஒண்ணுதான்.”

வானதி முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். கண்கள் மட்டும் சிவந்திருந்தன. மேஜையில் இரண்டு பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன, பந்தியில் வைப்பார்களே, அந்தப் பெரிய அளவு. மூடியில் வட்டமாகப் பன்னிரண்டு துளைகள்.

“முன்னாடி செந்தில்குமார் அண்ணன் ஒண்ணொண்ணா பண்ணுவாரு மேடம். ஒரு சென்சாரைக் கழுவி, ஏழு பி.எச். கரைசல்ல வெச்சு, எண் நிக்கிற வரைக்கும் காத்திருந்து, திரும்பக் கழுவி, பத்துல வெச்சு, திரும்பக் காத்திருந்து... பொழுது போயிடும். காலையில வச்ச தண்ணி மத்தியானம் சூடேறிடும். அதனால ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசமும் வரும். நான் பன்னெண்டையும் ஒரே டப்பாவுல இறக்கிட்டேன். அடியில ஒரு காந்தம் சுத்தி கலக்கிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே கரைசல், ஒரே சூடு. எல்லாம் ஒண்ணா நின்னதும் கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு. ஏழுல ஒரு தடவை, பத்துல ஒரு தடவை, அவ்வளவுதான்.”

“பன்னெண்டுல ஒண்ணு கெட்டுப்போயிருந்தா?”

“அது மட்டும் தனியா நிக்கும், உடனே தெரிஞ்சுடும். அன்னைக்கு அப்படி எதுவும் நிக்கல. பன்னெண்டும் ஒத்துமையா இருந்துச்சு. நம்பி அழுத்திட்டேன்.” டப்பா மூடியைத் திருப்பி வைத்தாள். “நேத்து எல்லாத்தையும் திரும்ப வாங்கி, புதுசா பத்து பி.எச். பொடி பாக்கெட் பிரிச்சு கரைச்சுப் பாத்தேன். பதினொண்ணு ஒரே மாதிரி கூட்டிக் காட்டுது. நெய்னா முகம்மது மாமாவோடது மட்டும் சரியா பத்து காட்டுது.”

“அப்ப அந்த ஒண்ணுலதான் ஏதோ வில்லங்கம்” என்றேன். ஊரோடு ஒத்துப்போகாதவனைச் சந்தேகிப்பது என் வழக்கம்.

“வில்லங்கம் டப்பாவுல” என்றார் அக்கா. “பதினோரு சென்சார் சொல்லிவெச்ச மாதிரி ஒரே அளவு கெடாது. கரைசல் கெட்டிருந்தாத்தான் அப்படி வரும். பத்துன்னு பேரு, உள்ள இருந்தது பத்து இல்ல. ஏம்மா, எண் நிக்கிற வரைக்கும் நீ பக்கத்துலயே இருந்தியா?”

“இல்ல மேடம். வெள்ளிக்கிழமைன்னா அந்த நேரத்துக்குப் பூஜை. நாங்க எல்லாரும் வாசலுக்குப் போயிடுவோம். சார்தான் எலுமிச்சம்பழத்துல கற்பூரம் ஏத்தி ரூம் ரூமா சுத்திக் காட்டி, உள்ளயே வெட்டி எடுத்துட்டு வருவாரு. திருஷ்டி சுத்தும்போது மத்தவங்க உள்ள நிக்கக் கூடாதுன்னுவாரு.”

அப்போது ராஜராஜனே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய் நிறையச் சிரிப்பு. கையில் தட்டு, தட்டில் காபி. அக்காவிடம் கொடுத்தார், கோவிந்தராசுவிடம் கொடுத்தார். எனக்கு வரும்போது தட்டு காலி.

“தங்கமான பொண்ணுங்க. என் பொண்ணு மாதிரி நினைச்சேன்” என்றார். “நம்பிக் கெட்டேன். அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டா இப்படித்தான் ஆகும்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

“செந்தில்குமார் எங்க?” என்றார் அக்கா.

“திங்கக்கிழமையிலேர்ந்து லீவுங்க. அவன் பழைய ஆளு. இந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து அவனுக்கு மூஞ்சியே சரியில்ல. பாவம், நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.” ஒன்றும் சொல்வதற்கில்லை என்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது. வேலையைப் பிடுங்கிக்கொண்ட பெண்ணின் மேல் பொறாமை, இந்தச் சமயத்தில் லீவு, வேறென்ன வேண்டும்? வாசலுக்கு வந்ததும் அதைத்தான் அக்காவிடம் சொன்னேன்.

“வண்டியை எடு” என்றார். “சரியா இருக்கிற அந்த ஒண்ணோட சொந்தக்காரரைப் போய்ப் பார்ப்போம்.”

திருத்துறைப்பூண்டி தாண்டும்வரை இரண்டு பக்கமும் நடவு முடிந்த சம்பா வயல்கள். அதற்குப் பிறகு மண்ணின் நிறம் மாறி, உப்புக்காற்று முகத்தில் அடித்தது. நெல் போய்க் குளங்கள் வந்தன. வண்டியை ஓட்டியது நான், பின்னால் உட்கார்ந்து யோசித்தது அவர். நாளைக்கு யார் பெயர் வெளியே வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நெய்னா முகம்மது கரையில் நின்று தீவன மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“உங்க சென்சார் மட்டும் எப்படி மாமா ஒழுங்கா இருக்கு?” என்றேன்.

“அது எங்கே தம்பி ஒழுங்கா வந்துச்சு? சனிக்கிழமை நம்ம செந்தில் புள்ள வந்து இங்கேயே உக்காந்து சரி பண்ணிக் குடுத்துச்சு.” மோட்டார் ஷெட்டைக் கையால் காட்டினார்.

ஷெட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. எங்களைக் கண்டதும் அது மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியது. பிறகு கரையோடு ஓடியது. நான் விரட்டினேன். மூன்றாவது எட்டில் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன். செந்தில்குமார் திரும்பிப் பார்த்தார், மனசு கேட்காமல் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அவ்வளவு லட்சணமாக ஒரு சந்தேக நபரைப் பிடித்த பெருமை எனக்குத்தான் சேரும்.

“பொறாமைதாங்க” என்றார், அக்கா ஒன்றும் கேட்பதற்கு முன்பே. “எதுக்கு மறைக்கணும்? ஒரு காலத்துல நான் வர்றேன்னா இங்க இளநி வெட்டி வெச்சுக் காத்திருப்பாங்க. நேத்து வந்த பொண்ணு, ஐஸ்கிரீம் டப்பாவுல ஓட்டை போட்டு, நான் நாள்பூரா செய்யறதை டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுது. எரியாதா? எனக்கு எரிஞ்சுது. ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னு ஒவ்வொரு வாரமும் அவ முடிச்ச சென்சார்ல ஒண்ணை நான் தனியா பாப்பேன். நெய்னா மாமா நமக்குப் பழக்கம். சனிக்கிழமை இங்க வந்து, புது பாக்கெட்டை டீ கிளாஸ்ல கரைச்சு விட்டுப் பாத்தேன். தப்பு! பத்தைத் தாண்டி நிக்குது. சந்தோஷத்துல...”

“ஆடிச்சு” என்றார் நெய்னா முகம்மது. “இந்தக் கரையிலேதான். நான் பார்த்தேன்.”

“அப்புறம்?” என்றார் அக்கா.

“இதை மட்டும் என் முறையில சரி பண்ணிட்டு, நேரா முதலாளி வீட்டுக்குப் போனேன். ‘பாத்தீங்களா உங்க வானதியோட லட்சணத்தை’ன்னேன். ‘யார்கிட்டயும் மூச்சு விடாத, திங்கக்கிழமை நானே கேட்டுக்கறேன்’னாரு. எனக்கு இது ஒண்ணுதான் தப்புன்னு நினைப்பு. எல்லாமே தப்புன்னு தோணலைங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி கோவிந்தராசு அண்ணன் குளம்...” சேறான கையை வேட்டியில் துடைத்தார். “நான் ஒரு போன் போட்டிருந்தா பொழச்சிருக்கும். எந்த மூஞ்சியோட ஆபீஸுக்குப் போறது?”

நான் அக்காவின் காதருகே போனேன். “நல்லா நடிக்கிறாருக்கா. டப்பாவுல கலந்ததும் இவரு, கண்டுபிடிச்சதும் இவரு.”

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. “வெள்ளிக்கிழமை பூஜையில உங்களுக்கு என்ன வேலை, செந்தில்?”

“வாசல்ல மணி அடிக்கிறதுங்க.”

“நடுவுல நிறுத்தினீங்களா?”

“நிறுத்தக் கூடாதுங்க. முதலாளி உள்ள சுத்திட்டு வெளிய வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். அன்னைக்கு அவரு வர ரொம்ப நேரமாச்சு. கை மாத்தி மாத்தி அடிச்சேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். விடை தெரிந்துவிட்டால் அப்படித்தான் செய்வார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக் குளத்தில் எறிய வேண்டும்போல இருந்தது.

“நீங்களும் வாங்க செந்தில்” என்றார்.

நாங்கள் திருவாரூர் திரும்பியபோது ராஜராஜன் கையில் கார் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். வானதி தோளில் பையை மாட்டிக்கொண்டு, எதையும் பார்க்காமல் நின்றாள். கோவிந்தராசு காரின் முன்னால் மறித்து நின்றிருந்தார். அவருடைய பிடிவாதத்தால்தான் அந்தப் பெண் இன்னும் ஸ்டேஷன் போகாமல் இருந்தாள்.

“வாங்கம்மா” என்று சிரித்தார் ராஜராஜன். செந்தில்குமாரைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமானது. “ஓ, இவனைத்தான் கொண்டாந்திருக்கீங்களா? நான் அப்பவே நினைச்சேன்.”

அக்கா வாசற்படி அருகே குந்தி உட்கார்ந்தார். குரோட்டன்ஸ் தொட்டியின் பின்னால் எட்டிப் பார்த்து, ஒரு குச்சியால் இரண்டு காய்ந்த எலுமிச்சை மூடிகளைத் தள்ளி எடுத்து, படியிலிருந்த மூடிகளின் பக்கத்தில் வைத்தார்.

“ஷஹ்பாஸ், பாத்துச் சொல்லு. தொட்டிக்குப் பின்னாடி கிடந்தது போன வெள்ளிக்கு முந்தின வாரத்துப் பழம். படியில இருக்கிறது போன வெள்ளிக்கிழமைப் பழம். கூட்டுறவங்க விளக்குமாறால ஓரமா தள்ளுவாங்களே ஒழிய, திருஷ்டிப் பழத்தைக் கையால தொட மாட்டாங்க. அதான் ரெண்டும் பத்திரமா இருக்கு. என்ன வித்தியாசம்?”

குனிந்து பார்த்தேன். பழையவை காய்ந்திருந்தாலும் சின்னக் கிண்ணம்போல உருண்டையாக, உள்ளே சுளை வரி வரியாகத் தெரிய இருந்தன. புதியவை சப்பையாக, உள்பக்கம் சுருட்டிக்கொண்டு, வெறும் தோலாகக் கிடந்தன.

“இது ரெண்டும் ஜூஸ் கடையில கிடக்கிற மாதிரி இருக்குக்கா” என்றேன். என் குரலே எனக்கு மாறிக் கேட்டது.

“அதேதான். திருஷ்டி சுத்தின பழத்தை யாராவது பிழிவாங்களா?”

வானதி பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

“வானதி, பத்து பி.எச். கரைசல்ல ஒரு பழத்தைப் பிழிஞ்சா?”

“இறங்கிடும் மேடம்.” அவள் மெல்லச் சொன்னாள். “பத்து இருக்காது. ஒன்பதரைக்கும் கீழ போயிடும். நான் அதைப் பத்துன்னு எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்திருப்பேன். அதனாலதான் குளத்துல எல்லாம் கூட்டிக் காட்டியிருக்கு.”

“காய்ஞ்சா எல்லாப் பழமும் இப்படித்தான்மா சப்பும்” என்றார் ராஜராஜன். இப்போதும் சிரித்தார். நெற்றிச் சந்தனத்தின் மேல் வியர்வை இறங்கியது.

“இருக்கலாம் சார். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பிழிஞ்சவன் சக்கையை உள்ளயே குப்பைக் கூடையில போட்டிருந்தா, நான் இந்நேரம் தஞ்சாவூருக்குத் திரும்பியிருப்பேன். அதை எதுக்கு மெனக்கெட்டுக் குங்குமம் தடவி வாசல்ல கொண்டாந்து வைக்கணும்?”

“திருஷ்டி சுத்தின பழத்தை எப்படிங்க ஆபீஸுக்குள்ள போட முடியும்?” என்றார் ராஜராஜன்.

பிழிந்தவனுக்காகத் தானே பதில் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. சிரிப்பு முதல் தடவையாக முகத்தை விட்டுப் போனது.

கோவிந்தராசு அவரையே பார்த்தார். “நீயா?”

“இறால் சாகும்னு நினைக்கலண்ணே” என்றார் ராஜராஜன். “சத்தியமா நினைக்கல. நாலு பேரு மீட்டர் தப்பா காட்டுதுன்னு வந்து கத்துவாங்க, அவ டப்பாவைத் தூக்கிப் போடுவா, அவ்வளவுதான்னு நினைச்சேன். இது நான் கட்டின லேப். காலேஜ்லேர்ந்து வந்தவங்க அந்த ஐஸ்கிரீம் டப்பாவைச் சுத்தி நின்னு இவளோட போட்டோ எடுத்தாங்க. என்கிட்ட போனைக் குடுத்து, ‘நீங்க கொஞ்சம் எடுத்து விடுங்க’ன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே எடுத்தேன்.”

எனக்கு அவரைப் புரிந்தது. அதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது. ஃப்ரேமுக்குள் இருக்கும் என் முழங்கை எனக்கு அரித்தது.

“சனிக்கிழமை செந்தில் வந்து சொன்னப்பவாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்றார் அக்கா. “ஒரு நாள் பூரா கையில இருந்துச்சு. கோவிந்தராசு குளம் பொழச்சிருக்கும்.”

ராஜராஜன் கார் சாவியைப் பார்த்தபடி நின்றார். “பண்ணியிருந்தா இவதான் ஓடிப்போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்திருப்பா. அரைமணியில சரி பண்ணிக் குடுத்திருப்பா. அந்தப் பேரும் இவளுக்குத்தான் போயிருக்கும்.”

செந்தில்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

கோவிந்தராசுதான் முதலில் அசைந்தார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். தோளிலிருந்த துண்டை உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். “ஸ்டேஷனுக்குக் கிளம்பித்தானே நின்ன? வா, போவோம். பேரு மட்டும்தான் மாறுது.”

வானதி முதலாளியைப் பார்க்கவே இல்லை. பையைக் கழற்றிப் படியில் வைத்தாள். “அண்ணே” என்று செந்தில்குமாரைக் கூப்பிட்டாள். “பதினோரு சென்சார் தப்பா கிடக்கு. குளத்துக்காரங்க கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருப்பாங்க. நான் டப்பாவுல இறக்கறேன். நீங்க ஒண்ணை மட்டும் தனியா டீ கிளாஸ்ல வெச்சுப் பாருங்க. உங்க கிளாஸும் என் டப்பாவும் ஒத்துப்போனாத்தான் பட்டனைத் தட்டுவேன்.”

“தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்” என்றார் செந்தில்குமார்.

“அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

இருவரும் உள்ளே போனார்கள். தண்ணீர் திறக்கும் சத்தமும் டப்பா கழுவும் சத்தமும் கேட்டன. அக்கா என் தோளில் தட்டி, “நல்லா பாத்துச் சொன்னடா” என்றார். அதை யாருக்கும் கேட்காத அளவுக்குத்தான் சொன்னார்.

கோவிந்தராசு கார்க் கதவைத் திறந்தபோது, மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். கைலி, தலையில் துண்டு, கடலோரத்து ஆள். முன்பின் பார்க்காத முகம். மடியிலிருந்து ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டு, எதிரில் நின்ற ராஜராஜனிடம் போனார்.

“அண்ணே, புதுசா குளம் வெட்டியிருக்கோம். வானதி மேடம்னு சொன்னாங்க. இருக்காங்களா?”

ராஜராஜன் அவரைப் பார்த்தார். தலைக்கு மேல், ‘நீர்மணி’க்குக் கீழே தன் பெயர் எழுதிய போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

“உள்ளதான் இருக்காங்க, போங்க” என்றார்.

சொல்லிவிட்டு, ஸ்டேஷன் போகக் காரில் ஏறிக்கொண்டார்.